துப்பாக்கி சுடும் சங்கங்களுக்கு: தட்டுப்பாடு வருமுன் தோட்டாக் கணக்கைப் பேசிவிடுவோம்

துப்பாக்கி சுடும் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ரேஞ்சில் நாலு பேர் சேர்ந்தால் இப்போது பேச்சு குறியைப் பற்றியோ காற்றைப் பற்றியோ இல்லை. "விலை ஏறப்போகிறதாம், கிடைக்கும்போதே வாங்கிப் போட்டுவிடலாமா?" என்பதுதான் கேள்வி. ஒருவர் கேட்கிறார், அடுத்தவர் தலையாட்டுகிறார், அந்த வாரமே இருவரும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாங்கிவிடுகிறார்கள். இளையோருக்குச் சுடக் கற்றுத்தரும் பயிற்சியாளன் நான். இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மனம் கலங்குகிறது. தோட்டா கிடைக்காமல் போனால் முதலில் நின்றுபோவது அவர்களுடைய பயிற்சிதான். நீண்டநாள் உறுப்பினரின் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண்ணிடம் அன்றைய பயிற்சிக்கு வேண்டியது மட்டுமே இருக்கும். அவளுக்குத் தோட்டா தேவைப்படும் மாதத்தில் கடையில் இல்லை என்றால், அவள் இழப்பது ஒரு பருவம் முழுவதும் சேர்த்துவைத்த கைப்பழக்கத்தை.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு சங்கத்தில் 100 பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாத இருப்பு உண்டு. சுடும் அளவுக்கு மாதந்தோறும் வாங்கிக்கொள்கிறார்கள். விலை ஏறும் என்று ஒரு செய்தி பரவுகிறது. இனி மூன்று மாத இருப்பு கையில் இருக்கட்டும் என்று எல்லாரும் முடிவெடுக்கிறார்கள். அப்படி நினைப்பதில் தனிமனிதராக யாரிடமும் குற்றம் சொல்ல முடியாது, எச்சரிக்கையான முடிவுதான். ஆனால் அந்த ஒரு மாதத்தில் கடைக்காரர் முன் வழக்கத்தைவிட மூன்று மடங்கு தேவை வந்து நிற்கிறது. தொழிற்சாலை எப்போதும்போலத்தான் அனுப்பியிருக்கிறது. யாரும் ஒரு தோட்டாகூடக் கூடுதலாகச் சுடவில்லை. ஆனால் தட்டு காலி. காலித் தட்டைப் பார்த்தவர், மூன்று மாதம் போதாது, ஆறு மாதத்துக்கு வாங்கவேண்டும் என்கிறார். தட்டுப்பாட்டில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது. நாம் எல்லாரும் சேர்ந்து பிறப்பிக்கிறோம்.

இது கற்பனைக் கணக்கல்ல. அமெரிக்காவில் 2012 டிசம்பரில் நடந்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு புதிய கட்டுப்பாடுகள் வரும் என்ற பேச்சு எழுந்தது. பேச்சு அடிபட்டதெல்லாம் வேறு வகைத் துப்பாக்கிகளும், தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெரிய மேகசின்களும்தான். சாதாரண .22 லாங் ரைபிள் தோட்டாவை யாரும் குறிவைக்கவில்லை. 1887-இலிருந்து புழக்கத்தில் உள்ள, இருப்பதிலேயே மலிவான, சிறுவர்கள் சுடப் பழகும் அந்தத் தோட்டாதான் அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் கடைகளில் தங்கவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று கடைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். சரக்கு வரும் நாளில் காலையிலேயே வரிசை நின்றது. பின்பு 2020-இல் பெருந்தொற்று, தெருப் போராட்டங்கள், தேர்தல் மூன்றும் ஒரே ஆண்டில் கூடின. துப்பாக்கி வாங்குவோர் தொடர்பாக அந்நாட்டின் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சரிபார்ப்புகள் 2019-இல் ஏறக்குறைய 2.84 கோடி, 2020-இல் ஏறக்குறைய 3.97 கோடி. ஒவ்வொரு சரிபார்ப்பும் ஒரு விற்பனை ஆகிவிடாதுதான். ஆனாலும் தோட்டாவுக்கு எத்தனை புதிய கைகள் நீண்டிருக்கும் என்பதை அந்த வேறுபாடு காட்டுகிறது. 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவின் விலை சில மாதங்களில் மடங்குகளாக ஏறியது. தோட்டாவை நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணியவர்களுக்குப் பிரைமர், அதாவது ஊசி தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி, கிடைக்கவில்லை.

"தேவை இருக்கிறதே, தொழிற்சாலைகள் கூடுதலாகச் செய்யவேண்டியதுதானே?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. செய்தார்கள். இரவுபகலாக இயந்திரங்கள் ஓடின. புதிய உற்பத்தி வரிசை அமைக்கத்தான் தயங்கினார்கள், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 2016 தேர்தலுக்குப் பின் அமெரிக்காவில் புதிய கட்டுப்பாடுகள் வரும் என்ற அச்சம் அடங்கியது. வாங்கிக் குவித்தவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள், விற்பனை விழுந்தது. 1816-இல் தொடங்கிய துப்பாக்கி, தோட்டா நிறுவனமான ரெமிங்டன் 2018-இல் திவால் மனு கொடுத்தது, 2020 ஜூலையில் இரண்டாம் முறையும் கொடுத்தது. தோட்டாவுக்கு நாடே அலைந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், ஆர்கன்சா மாநிலம் லோனோக்கில் இருந்த அதன் பெரிய தோட்டாத் தொழிற்சாலை புதிய உரிமையாளருக்காகக் காத்திருந்தது. பின்னர்தான் விஸ்டா அவுட்டோர் என்ற நிறுவனம் அதை வாங்கி மீண்டும் முடுக்கிவிட்டது. நாம் ஓர் ஆண்டு வெறிகொண்டு வாங்கி அடுத்த இரண்டு ஆண்டு கைகட்டி நின்றால், எந்த முதலாளி புது இயந்திரத்துக்குப் பணம் போடுவார்? மாதந்தோறும் ஒரே அளவில் வாங்குகிறவரை நம்பித்தான் தொழிற்சாலை திட்டம் போட முடியும்.

விலையேற்றம் முழுவதும் நம்மால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நாலு தனித்தனிச் சந்தைகள் இருக்கின்றன. கூடு பித்தளை: ஏறக்குறைய எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். குண்டு ஈயம், பலவற்றில் அதைக் கடினப்படுத்த ஆன்டிமனி சேர்க்கிறார்கள். குண்டை உந்த உள்ளே இருக்கும் புகையில்லா வெடிமருந்து நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சுத் துணுக்கிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ நைட்ரிக் அமிலம் கொண்டு செய்வது. நான்காவது பிரைமர், அதைச் செய்யும் தொழிற்சாலைகள் உலகிலேயே எண்ணிக்கையில் குறைவு. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபின் பீரங்கிக் குண்டுகளுக்கான உந்துமருந்துக்கு ஐரோப்பா முழுவதும் நைட்ரோசெல்லுலோஸ் தேவைப்பட்டது. இராணுவ ஆர்டர் வரும்போது விளையாட்டுத் தோட்டா பின்வரிசைக்குப் போகும், அதில் வியப்பில்லை. உலகின் ஆன்டிமனியில் ஏறத்தாழப் பாதியை வெட்டியெடுக்கும் சீனா 2024 செப்டம்பரில் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த ஆண்டிலேயே அதன் விலை இரட்டிப்பையும் தாண்டியது. இவற்றில் எதையும் நம் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். மூலப்பொருள் விலையால் வரும் ஏற்றம் மெதுவாக வரும், மெதுவாக இறங்கும், சில நேரம் இறங்கவே இறங்காது. அச்சத்தால் வரும் தட்டுப்பாடு ஒரே வாரத்தில் வரும், வாங்கிக் குவித்தவர்களின் அலமாரி நிறைந்ததும் தணியும். முதலாவதற்கு மருந்து சிக்கனமும் முன்கூட்டிய ஆர்டரும். இரண்டாவதற்கு மருந்து, அந்த வாரத்தில் கடைக்குப் போகாமல் இருப்பது. அப்படிப் போகாமல் இருக்க முடியவேண்டுமானால் கையில் ஓர் அளவான இருப்பு ஏற்கெனவே இருக்கவேண்டும். நான் இருப்பு வைப்பதற்கு எதிரி அல்ல. அச்சம் எழும்பிய மாதத்தில் இருப்பை உண்டாக்கப் பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? முதலில் எவ்வளவு சுடுகிறோம் என்பது தெரியவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வாரம் மூன்று முறை, முறைக்கு 60 தோட்டா சுடுகிறவருக்கு ஆண்டுக்கு 9,360 ஆகும். பெட்டிக்கு 50, கட்டுக்கு 500, பெரிய அட்டைப்பெட்டிக்கு 5,000 என்ற வழக்கமான கணக்கில் அது இரண்டு அட்டைப்பெட்டிக்குச் சற்றுக் குறைவு. வாரம் ஒரு முறை வந்து 40 சுடுகிறவருக்கு ஆண்டுக்கு 2,080 போதும், அவர் வீட்டில் இரண்டு அட்டைப்பெட்டி இருந்தால் அது ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கான சரக்கு. அதில் பெரும்பகுதியை அவர் சுடமாட்டார். சுடப்போகிற இன்னொருவருக்குக் கிடைக்காமல் செய்திருக்கிறார், அவ்வளவுதான். ஆர்டர் கொடுத்துச் சரக்கு கைக்கு வரும்வரை எத்தனை மாதம் ஆகிறதோ அத்தனை மாதச் செலவு, அதோடு வரப்போகும் போட்டிகளுக்குத் தனியாக ஒதுக்கிய அளவு. இதுவே என் கணக்கு. 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் இப்போது மதிப்பெண்ணுக்கு 60 சுடுகள், சரிபார்ப்புச் சுடுகள் தனி. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப், ஸ்கீட் வீரருக்குத் தகுதிச் சுற்றுக்கே 125 தட்டுகள். போட்டி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கை அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். இதற்கெல்லாம் மேலே உரிமத்தில் எழுதிய வரம்பு இருக்கிறது. ஒரு முறை எவ்வளவு வாங்கலாம், ஒரே நேரத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது பல நாடுகளில் உரிமத்திலேயே உண்டு. விலை மலிவாக வந்தது என்று அந்த வரம்பைத் தாண்டுகிறவர் தன் உரிமத்தை மட்டும் பணயம் வைக்கவில்லை, சங்கத்தின் பெயரையும் சேர்த்து வைக்கிறார்.

கிடைத்ததை வாங்கிக் குவிப்பதில் இன்னொரு கேடு உண்டு. இதைப் போட்டியில் சுடுகிறவர்களே மறந்துவிடுகிறார்கள். தோட்டா லாட் கணக்கில், அதாவது ஒரே தடவையில் ஒன்றாகத் தயாரான தொகுதிகளாகப் பிறக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே அட்டை. ஆனால் லாட் எண் மாறினால் அதே ரைபிளில் குண்டுகள் விழும் கூட்டம் விரியலாம் அல்லது சுருங்கலாம். என் ரைபிளுக்கு உகந்த லாட் பக்கத்து வரிசைக்காரரின் ரைபிளுக்கு உகக்காமல் போகலாம். அதனால்தான் தோட்டா நிறுவனங்களான ஈலி (Eley) இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் லாபுவா (Lapua) ஜெர்மனியின் ஷோனபெக்கிலும் சோதனை ரேஞ்சுகள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் ரைபிளை அங்கே கொண்டுபோய், தாங்கியில் இறுக்கிப் பொருத்தி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை மொத்தமாக எடுத்துவருகிறார்கள். தட்டுப்பாட்டு நாளில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். இங்கே இரண்டு பெட்டி, அங்கே நாலு பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு லாட். ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும், ஆனால் அதில் ஒரு போட்டியை முழுதாகச் சுடும் அளவுக்கு ஒரே லாட் இருக்காது. குறி விலகினால் பிழை கையிலா தோட்டாவிலா என்று கண்டுபிடிக்க முடியாது. கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் பெரிய கேடு. தன் மூச்சையும் விசையழுத்தும் விரலையும் திருத்திக்கொண்டே இருப்பாள், பிழை பெட்டியில் இருக்கும். ஒரே லாட்டில் 1,000 வைத்திருப்பவர், பத்து லாட்டில் 3,000 வைத்திருப்பவரைவிட வசதியானவர்.

வாங்கியதை வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். பயந்து வாங்கிய சரக்கு பெரும்பாலும் பயந்த இடத்தில்தான் கிடக்கிறது: கூரைக்கு அடியில், கார் டிக்கியில், ஈரம் ஏறும் சுவரோரம். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு இளகும், உள்ளே மருந்தின் சிதைவு விரைவாகும். தோட்டாவுக்கு வேண்டியது குளிர்ச்சியான, உலர்ந்த, வெப்பம் ஏறி இறங்காத இடம். உற்பத்தியாளரின் பெட்டியிலேயே இருக்கட்டும், லாட் எண் அதில்தான் இருக்கிறது. வாங்கிய மாதத்தைப் பெட்டிமேல் எழுதி, பழையதை முன்னால் வைத்து முதலில் சுடுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று எண்ணெய் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகும், தயவுசெய்து செய்யாதீர்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

கழுவு திரவங்கள் அடுக்கிய அலமாரியும் வேண்டாம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குப் படையினரின் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். 1921-இல்தான் காரணம் தெளிவானது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, கூட்டைக் குளிர்ந்த நிலையில் இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளந்திருக்கிறது. அதே அம்மோனியா இன்று வீட்டுத் துப்புரவுக் குப்பிகளில் இருக்கிறது. சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் இன்னும் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். பிரைமர்களை அவற்றின் தட்டிலிருந்து கொட்டிக் குப்பியில் சேர்த்து வைக்கவே கூடாது, ஒன்று பற்றினால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். மருந்தைக் கனத்த இரும்புப் பெட்டகத்தில் இறுக்கி அடைக்கவும் கூடாது. தீப்பிடித்தால் அந்த இறுக்கம்தான் அதை வெடிகுண்டாக்கும். மருந்து டப்பாவில் புளித்த அமில நெடியோ செம்பழுப்புப் புகையோ தெரிந்தால் அது கெட்டுவிட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் வைத்திருக்காமல் அப்புறப்படுத்தும் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள்.

இனி நிர்வாகிகளிடம் நேராகவே கேட்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு உறுப்பினரிடமும் எந்த வகை, எத்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சங்கத்தின் பெயரில் ஒரே ஆர்டராகப் போடுங்கள். அப்போதுதான் ஒரே லாட்டில் பெரிய அளவு கேட்க முடியும், அனுப்பும் தவணைகளையும் பேசிக்கொள்ள முடியும். பாதுகாப்பான சேமிப்பறைக்கு உரிய அனுமதியைச் சங்கம் வாங்கிவிட்டால், வீட்டில் இடம் இல்லாத உறுப்பினரின் கவலையும் தீரும். மலிவான மாதத்தில் வாங்கியதையும் விலை ஏறிய மாதத்தில் வாங்கியதையும் கலந்து சராசரி விலையில் கொடுங்கள். கெட்ட மாதத்தில் சேர்ந்தான் என்பதற்காக ஒரு மாணவன் முழுச்சுமையையும் தாங்கவேண்டியதில்லை.

பங்கீட்டு விதியை இப்போதே எழுதுங்கள். தட்டுப்பாடு வந்தபின் எழுதினால் யார் குரல் ஓங்குகிறதோ அவர் எழுதியதாகத்தான் அது முடியும். உறுப்பினர் எண்ணின் மூப்புப்படி பகிர்வதை நான் ஏற்கவில்லை. கடந்த ஆறு மாத ரேஞ்சு வருகைப் பதிவேட்டைப் பார்த்து, சுடுகிறவருக்குக் கொடுங்கள். மொத்த இருப்பில் ஒரு பங்கை இளையோருக்கென்று பூட்டி வையுங்கள், அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. சேமிப்பறையில் என்ன இருக்கிறது என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இருப்பு தெரியாதபோதுதான் வதந்திக்குக் கால் முளைக்கிறது.

சங்க விலைக்கு வாங்கி வெளியே கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள் சிலர் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் பேசுவதில்லை. உரிமம் பார்க்காமல் பதிவு செய்யாமல் தோட்டாவைக் கைமாற்றுவது பல இடங்களில் குற்றம். அப்படிச் செய்பவரின் பங்கீட்டை அந்த ஆண்டு முழுவதும் நிறுத்தவேண்டும் என்பது என் கருத்து. இதில் தயவு காட்ட எனக்கு மனமில்லை.

உறுப்பினர்களுக்கு ஒன்று. தோட்டா குறைந்த மாதங்களில் பயிற்சி நிற்கவேண்டியதில்லை. 4.5 மி.மீ. பெல்லட் சுடும் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் பிரைமரையோ மருந்தையோ கேட்பதில்லை. நிலை, மூச்சு, விசை, சுட்டபின்னும் நிலை கலையாதிருத்தல் அத்தனையையும் அதில் கற்கலாம். தோட்டா இல்லாமல் விசையழுத்திப் பழகும் வெற்றுச் சுடுபயிற்சியும் அப்படித்தான். .22 ரைபிளில் வெறும் அறையோடு விசையை அழுத்தினால் சில துப்பாக்கிகளில் ஊசி அறையின் விளிம்பைத் தட்டிச் சேதப்படுத்தும், அதற்கென உள்ள போலித் தோட்டாவைப் பொருத்திக்கொள்ளுங்கள். 60 தோட்டாவை அவசரமாகக் கொட்டித் தீர்ப்பதைவிட, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சுடும் 20 தோட்டா என் மாணவர்களுக்கு அதிகம் கற்றுத்தந்திருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் மூன்று தீர்மானங்களைச் சேர்க்கக் கோருகிறேன்: ஆண்டுத் தேவைப் பட்டியலும் கூட்டு ஆர்டரும், வருகைப் பதிவேட்டின்படி பங்கீடு, இளையோருக்கான தனி ஒதுக்கீடு. முதல் ஆண்டுக்கான பட்டியலைத் திரட்டுவதையும் இருப்புப் பதிவேட்டை எழுதுவதையும் ஊதியமில்லாமல் நானே ஏற்கிறேன். தேவைப் படிவத்தின் வரைவைப் பயிற்சி அறையில் வைத்திருக்கிறேன். உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்பே நிரப்பிக் கொடுத்தால், எத்தனை தோட்டா கேட்கவேண்டும் என்ற எண்ணோடு அந்தக் கூட்டத்தில் பேச்சைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
இளையோர் பயிற்சியாளர்